முடிந்தது என்ற நிரல்

கொழும்பில் மூன்று நாள் பயிற்சி.
இரவுத் தபால் ரெயினில் வந்து
விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது
பையில் ஒரு சான்றிதழ்,
ஐந்து நிறத்தில் ஒட்டுத்தாள்.

ஸ்ரான்லி வீதி, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
நிரல் எழுதிப் பிழைக்கிற ஆறு பேர்
சுவரில் மூன்று நிரல் கீறினோம்:
செய்ய. செய்கிறோம். முடிந்தது.
கெதியாக இயங்கும் முறை இதுதான் என்று
நான் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன்.
"அப்ப இவ்வளவு நாளும் நாங்கள் ஆமையோ?"
துவாரகன் கேட்டான்.
சிரித்துக்கொண்டே யாரோ மின்விசிறியைப் போட
தாளெல்லாம் பறந்தது.
பொறுக்கி ஒட்டினோம்.
எண்ணிப் பார்க்கவில்லை.

நின்றபடி கதைத்தால் சுருங்கக் கதைப்பார்களாம்.
படலையில் நின்றபடியே
இரண்டு மணித்தியாலம் விடைபெறுகிற ஊர் இது.
பயிற்சியில் அதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.
மூன்றாம் நாளே கஜீபன் கதிரையை இழுத்தான்.
ஆறு பேரும் ஆளையாள் பார்த்துக் கதைக்கவேண்டிய கூட்டத்தில்
ஐந்து பேர் என்னைப் பார்த்துக் கதைத்தார்கள்.
எனக்கு அது பிடித்திருந்தது.
அதைத்தான் முதலில் எழுதவேண்டும்.

மதிப்பீட்டுச் சீட்டை
எல்லாரும் ஒரே நேரத்தில் காட்டவேணும்.
சங்கவி என் புருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் சீட்டெடுப்பாள்.
நான் மூன்று என்று நினைத்தால்
அறை முழுக்க மூன்று.

இரண்டு கிழமை.
அதில் நாலு நாள் கடவுச்சொல்லுக்குப் போனது:
எட்டு எழுத்து, ஒரு குறியீடு, ஓர் இலக்கம்,
மறந்தால் மீட்க மூன்று கேள்வி.
பதினொரு தாள் முடிந்தது நிரலுக்குப் போயிற்று.
பச்சை. படமெடுத்து அனுப்பினேன்,
கடற்றொழிலாளர் சங்கத் தலைவருக்கு.

பாஷையூர், காலை ஐந்தரை.
கூறல் தொடங்கிவிட்டது.
கணக்கெழுதுகிற ஜெசிந்தாவின் கையில்
எங்கள் ரப்லெற்றைக் கொடுத்தோம்.
ஈரக் கை. விரலில் செதில்.
திரைக்கு அவளைத் தெரியவில்லை.
சட்டையில் துடைத்துத் துடைத்து அழுத்தினாள்.
பன்னிரண்டு கிலோ ஒட்டி
நூற்றுப்பன்னிரண்டானது.
"தம்பியவை, நீங்கள் உள்ளுக்கு விடமுதல்
மீன் வித்து முடிஞ்சிடும்."
கோபமில்லை. நேரமில்லை.
காதோரம் செருகின பேனையை எடுத்து
சீ.ஆர். கொப்பியில் அடுத்த வரியை எழுதினாள்.

பின்னேரம், பின்னோக்குக் கூட்டம்.
எது நன்றாக நடந்தது என்று கேட்டேன்.
கீழே கண்ணாடிக் கடையில்
யாரோ எழுத்து வாசிப்பது கேட்டது.
அப்போதுதான் கரண்ட் போனது.

இருட்டில் கஜீபன் சொன்னான்:
"நான் ஒட்டினதில நாலு முடியேல்லை அண்ணை.
சுவர் வடிவா இருந்துது, அதுதான்."
சங்கவி: "எனக்கு எல்லாம் எட்டு.
மூண்டெண்டு காட்டினன்."
றெஜினோல்ட் கனநேரம் யோசித்து,
"அம்மாவின்ர மச்சாள் அங்க மீன் வாங்குறவ.
ஒரு நாளும் நான் கேக்கேல்லை."
பிறகு என் முறை.
உங்களைக் கேட்காமலே திகதி கொடுத்தது நான் என்றேன்.
முகம் தெரியாதது உதவியாயிருந்தது.

கரண்ட் வந்தது.
யதுர்ஷா பிரின்ரரை நகர்த்தினாள்.
அடியில், தூசியோடு, ஒரு மஞ்சள் தாள்,
அவளுடைய கையெழுத்து:
கூறல் நடக்கிற இடத்தைப் போய்ப் பார்க்க.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
துவாரகன் மட்டும் மின்விசிறியைப் பார்த்தான்.

இரண்டாம் சுற்றில் ஐந்தே தாள்.
விரல் மொழியால் தட்டக்கூடிய பெரிய பொத்தான்கள்.
கடவுச்சொல் இல்லை.
முடிந்தது நிரலுக்கு ஒன்றை நகர்த்துவதென்றால்
பாஷையூரில் ஒரு விடியல் அது வேலை செய்திருக்கவேணும்.
மூன்று நகர்ந்தன.

ஜெசிந்தா இன்னும் கொப்பியைப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறாள்.
ஏன் என்று கேட்க, என எழுதி
செய்ய நிரலில் ஒட்டியிருக்கிறோம்,
விசிறிக் காற்று எட்டாத மூலையில்.
பசையை நம்பாமல்
ஒரு குண்டூசியும்.